கொசுவலைக்குள் ஒரு ஈ

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என் பெயர் சந்தியாகு. இதை நானே எழுதினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று அவ்வளவு எழுதுவதற்குள் சோறு ஆறிவிட்டது. இன்று கை சற்றுப் பழகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு எடுக்கும் டீச்சர், "தினமும் எதையாவது எழுதுங்க தாத்தா, இல்லாட்டி கை மறந்துரும்" என்றார். எனக்கு ‘ழ’ எழுதுவதுதான் பிடிக்கும். மாடு சோம்பல் முறித்து எழுந்திருப்பதுபோல் இருக்கிறது.

நாளைக் காலை வேளாங்கண்ணிக்கு நடை. மணப்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வருடா வருடம் காவி கட்டி, சின்னத் தேரில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று நடந்து, கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவோம். சமையல் பாத்திரங்களுக்கு ஒரு வேன் கூட வரும்.

எங்கள் ஊர் நடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காவி கட்டியதிலிருந்து அவிழ்க்கும்வரை எந்த உயிரையும் கொல்லக் கூடாது. கொசுவும் உயிர்தான். ஈயும் எறும்பும் உயிர்தான். விரட்டலாம், தடுக்கலாம், ஊதலாம். அடிக்கக் கூடாது. யார் வைத்த கட்டுப்பாடு என்று தெரியாது. வைத்தவர் வேப்பெண்ணெய் விற்றவராக இருப்பார் என்று அடைக்கலம் சொல்கிறான். அவன் என் மச்சான், என் வயது.

மூட்டை கட்டினேன். காவி வேட்டி இரண்டு. துண்டு. வேப்பெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஒரு புட்டி. புகை போட நொச்சி இலை ஒரு பை. இந்த நோட்டு. புதுக் கொசுவலை ஒன்று. ரோஸ் நிறம். என் உதவித்தொகையில் மணப்பாறைச் சந்தையில் வாங்கினேன். கடைக்காரர் பிரித்துக் காட்டுகிறேன் என்றார். வேண்டாம், மடிப்புக் கலைந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

மருமகள் பார்த்துவிட்டு, "எதுக்கு மாமா இம்புட்டுப் பெரிய வலை?" என்று கேட்டது.

கையைக் காலை நீட்டிப் படுப்பதற்கு என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இந்தச் சாலையில் பல வருடங்களாக நடந்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு பேச்சு உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்." "நாய்கள் ஜாக்கிரதை." "மெதுவாகச் செல்லவும்." இதற்குமேல் மெதுவாக எப்படிச் செல்வது? ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்று படித்தேன். தேர் முன்னால் போய்விட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் பிரகாசம், தேரை இழுத்துப் போகிறவர். திரும்பி வந்து, "மாமா, நீங்க படிச்சு முடிச்சப்புறம் சொல்லுங்க, அடுத்த வருசக் கொடியேத்தத்துக்குப் போயிருவோம்" என்றார்.

வெயில் சாயும்போது பொடி ஈக்கள் வந்தன. கண்ணையே சுற்றும் சாதி. அடிக்கக் கூடாது அல்லவா? எல்லோரும் தலைத்துண்டில் வேப்பங்கொத்தைச் செருகிக்கொண்டோம். நடக்கும்போது இலை ஆடும், ஈ விலகும். பார்ப்பவர்களுக்கு ஒரு தோப்பு நடந்து போவதுபோல் இருந்திருக்கும்.

இனாம்குளத்தூர் தாண்டி ஒரு புளியந்தோப்பில் தங்கல். எண்ணெய் தடவிக்கொண்டேன். வலையைப் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கொசு எண்ணெய் தடவிய இடத்தை விட்டுவிட்டுத் தடவாத இடத்தைத் தேடிக் கடித்திருக்கிறது. காது மடல். விரல் இடுக்கு.

சாயங்காலம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் பெரிய வழக்கு. கொசுவர்த்திச் சுருள் கொளுத்தலாமா என்பது கேள்வி.

"கொளுத்துனா கொசு சாகுமா, மயங்குமா?" என்றான் அடைக்கலம்.

"மயங்கும்" என்றார் பிரகாசம்.

"மயங்கிக் கீழ விழுந்து எறும்பு இழுத்துட்டுப் போனா?"

"அது எறும்போட பாவம் மாமா."

"எறும்பு காவி கட்டலையே. அதுக்கு எப்புடிப் பாவம்?"

நான் அட்டைப் பெட்டியை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று இருந்தது. கொசு சாகுமா என்று எழுதவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் கொளுத்தி வைப்பது என்று தீர்ப்பு. பாவம் வந்தால் அவருக்கு. அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு இருக்குறதோட இதுவும் கெடந்துட்டுப் போவுதுங்க" என்று தீக்குச்சியை உரசினார்.

டீயில் ஈ விழாமல் நோட்டை டம்ளர்மேல் மூடி வைத்தேன். அட்டையில் வட்டமாகக் கறை. பரவாயில்லை. எழுதுகிறவர்கள் நோட்டில் டீக்கறை இருக்கும் என்று டீச்சர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

பொழுது போகவில்லை. நடந்துகொண்டே யோசித்ததை எழுதுகிறேன்.

சலேத்து என் மனைவி. நாகப்பட்டினத்தில் இளையவன் கஸ்பார் வீட்டில் இருக்கிறாள். நான் ஊரில் மூத்தவன் வீட்டில். பாகம் பிரித்தபோது அப்படி அமைந்தது. அங்கே கைக்குழந்தை, இங்கே மாடு. இரண்டு வீட்டுக்கும் ஆள் வேண்டும். பிள்ளைகள் நல்லவர்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. கொடியேற்றத்துக்குச் சலேத்து நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் நடந்து போவேன். வருடத்தில் அந்த ஒரு நாள் எங்களுக்கு.

போன வருடம் சலேத்து மணலில் உட்கார்ந்து எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடியேற்றம் முடிந்து பொழுது இறங்கியது. கொசு வந்தது. காலைத் தட்டிக்கொண்டே பேசினாள். "நம்ம கெணத்தடி முருங்கை இருக்குல்ல" என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் கஸ்பார் வண்டியோடு வந்துவிட்டான். "இந்தக் கொசுவுல எப்புடிங்க படுக்குறது, நான் அவனோட போறேன்" என்று எழுந்துவிட்டாள். இரவு சேர்ந்து தங்குவதாகத்தான் பேச்சு.

முருங்கைக்கு என்ன? காய் அனுப்பச் சொன்னாளா? கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறதா என்று கேட்டாளா? கிளையை வெட்டச் சொன்னாளா? இந்த ஒரு வருடமாக அந்த மரத்தைக் கிளை கிளையாகப் பார்த்துவிட்டேன். மூத்தவன் வெட்டப் போனான். நான் விடவில்லை.

கொசு மட்டும் இல்லாதிருந்தால் சலேத்து சொல்லி முடித்திருப்பாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தஞ்சாவூர் தாண்டினோம். வழியெல்லாம் நடவு முடிந்த வயல். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் பச்சைக்குள் இருந்து பூச்சியும் வரும். சாயங்காலம் விளக்குப் போட்டதும் பொடிப் பொடியாகப் பச்சைப் பூச்சி வந்து குழம்பில் விழுந்தது. சமையலுக்கு வரும் குழந்தையம்மாள் அதற்கு வழி வைத்திருக்கிறது. விளக்கைத் தூரத்தில் ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எங்களை இருட்டில் உட்கார்த்திச் சோறு போட்டது. பூச்சியெல்லாம் அங்கே விருந்துக்குப் போய்விட்டன. நாங்கள் இங்கே.

"எலையில என்ன இருக்குன்னே தெரியலையே தங்கச்சி" என்றான் அடைக்கலம்.

"தெரிஞ்சா திங்க மாட்டீங்கண்ணே" என்றது குழந்தையம்மாள்.

அடைக்கலத்துக்கு என் வலைமீது கண். "மச்சான், வலைய மூட்டையில வச்சுக்கிட்டு நொச்சிப் பொகையில எதுக்கு இருமுற? கட்டு, ஓரமா நானும் படுத்துக்கிறேன்."

மடிப்புக் கலைந்துவிடும் என்றேன்.

"இது என்ன, மாதாவுக்குச் சேலையா எடுத்துட்டுப் போற?"

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் மூட்டையைத் திறந்தால் வேப்பெண்ணெய் நாற்றம். புட்டி மூடியை நான்தான் சரியாகத் திருகவில்லை. எண்ணெய் முழுவதும் வலைக்குள் இறங்கிவிட்டது. ரோஸ் நிறத்தில் பெரிய மஞ்சள் தீவு. உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

குழந்தையம்மாள் வலையை என் கையிலிருந்து பிடுங்கி, நீடாமங்கலத்துக்கு முன்னால் ஒரு வாய்க்காலில் சீயக்காய் போட்டு அலசியது. கறை பாதி போயிற்று. நாற்றம் கால்வாசி போயிற்று. காயப் போட இடமில்லை. தேர்மேல் விரித்துப் போட்டார்கள். மாதாவுக்கு ரோஸ் முக்காடு போட்டதுபோல் ஆகிவிட்டது. அதன் அளவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏண்ணே, இது ரெட்டைக் கட்டில் வலையாச்சே!" என்று குழந்தையம்மாள் சத்தம் போட்டுச் சொன்னது.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிரகாசம் தேரை நிறுத்திவிட்டார்.

"அப்புடிச் சொல்லு" என்றான் அடைக்கலம். "இந்தாளு நாகப்பட்டணத்துக்காரியப் பாக்கப் போறான். நாம பாத்தா வேளாங்கண்ணிக்குப் போறான்னு நெனைச்சுக்கிட்டிருக்கோம்."

நான் வேப்பங்கொத்தை முகத்துக்கு நேராக இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். ஈக்காக.

சாயங்காலம் வலை காய்ந்துவிட்டது. "இப்பத்தான் மடிப்புக் கலைஞ்சு போச்சே, படுக்க வேண்டியதுதானே?" என்று அடைக்கலம் கேட்டான். இன்னும் ஈரம் இருக்கிறது என்றேன். தொட்டுப் பார்த்தான். தன் போர்வையில் பாதியை என் காலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று எழுத்து கோணலாக வருகிறது. வேன் ஆடுகிறது. ஆமாம், வேனில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் குளிர் அதிகம். யாருக்கும் குளிரவில்லை என்றார்கள். நடக்கும்போது சாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திருவாரூருக்கு முன்னால் நடைக்காரர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். நர்ஸம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, ஒரு எடம் பாக்கியில்லாம கடிச்சிருக்கு? கொசுவல இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றான் அடைக்கலம். "அது மூட்டைக்குள்ள நிம்மதியாத் தூங்குது."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுக்க வேண்டும் என்றார்கள். பிரகாசம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாமா, திருச்சி பஸ்ஸுல ஏத்தி விடறேன். ஊருக்குப் போயிருங்க. ஒங்க மகனுக்கு நான் பதில் சொல்லணும்."

"அங்கிட்டு எத்தனை தூரம், இங்கிட்டு எத்தனை தூரம்?" என்று கேட்டேன்.

"வேளாங்கண்ணி கிட்டத்தான். அதுக்காக..."

"கிட்ட இருக்குற எடத்துல படுத்துக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்து நாகப்பட்டினத்துக்குப் போட்டுக் கொடுத்தார். மருமகள் எடுத்துச் சலேத்திடம் கொடுத்தது. பின்னால் குக்கர் விசில். குழந்தை அழுகை.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"திருவாரூரு. நீ வர்றியா?"

"வந்துருவேன். நீங்க வர்றீங்களா?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இன்னொரு விசில். "சோறு குழையுதுங்க" என்று வைத்துவிட்டாள். குரலில் சளி கட்டியிருந்தது. கேட்க மறந்துவிட்டேன்.

பிரகாசம் போனை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, வேன் கதவைத் திறந்துவிட்டார். நடந்துதான் வர வேண்டும் என்று மாதா சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் எனக்கு இடம்.

ஆகஸ்ட் 28, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடித்தேன்.

நாகப்பட்டினம் வழியாக வந்தோம். கருவாடு காயும் இடத்தில் ஈ என்றால் அப்படி ஒரு ஈ. கருவாடே கறுப்பாக எழுந்து பறந்து, மறுபடி உட்கார்ந்தது. வேன் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். பிறகு இறக்கச் சொன்னேன். இந்த ஊர்த் தெரு ஒன்றில்தான் சலேத்து இருக்கிறாள். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். வேன் அந்தப் பக்கம் போகவில்லை. போகும் ஒவ்வொரு தெருப் பெயரையும் படித்துக்கொண்டே வந்தேன். வேகமாகப் படிக்க முடிந்தது.

ராத்திரி இங்கே வேளாங்கண்ணி மணலில் தங்கல். எண்ணெய்தான் இல்லையே. துண்டால் முகத்தை மூடிப் படுக்கப் போகிறேன். இன்று ஒரு நாள்தானே.

ஆகஸ்ட் 29, வியாழன். கொடியேற்றம்

வந்துவிட்டாள்.

கையில் தூக்குவாளி. தலை இன்னும் வெளுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள்.

"வல வாங்கியிருக்கீங்கன்னு மூத்த மருமவ போன்ல சொன்னாளே?"

"இருக்கு."

"அப்பறம் எதுக்கு இந்தக் கடி?"

"ஈரமா இருந்துச்சு" என்றேன்.

அடைக்கலம் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தேர்ச் சட்டத்தில் இரண்டு முனையையும், பிரகாசம் கொண்டுவந்து நட்ட சவுக்குக் கம்புகளில் இரண்டு முனையையும் அவர்கள் இருவரே கட்டினார்கள். நடுப்பகல். கொசு ஒன்றும் இல்லை. ஆனால் ஈ இருந்தது. ஈக்கும் வலை ஆகும்.

"பட்டப்பகல்ல வலைக்குள்ள உக்காந்தா ஊரு சிரிக்காதா?" என்றாள்.

"சிரிக்கட்டும். ஈ மொய்க்காம சோறு திங்கலாம்."

தூக்குவாளியில் மீன்குழம்பு. கொல்லக் கூடாது என்றுதான் கட்டுப்பாடு, தின்னக் கூடாது என்று இல்லை. வலையைத் தூக்கி அவள் முதலில் நுழைந்தாள். பிறகு நான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஓரத்தை மணலில் அமுக்கினாள். போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வலைக்குள்ளிருந்து பார்த்தால் கடலும் ரோஸ் நிறம், கோயிலும் ரோஸ் நிறம். சலேத்தும்தான்.

"வேப்பெண்ணெ நாத்தம் கொடலப் புடுங்குது" என்றாள். ஆனால் வெளியே போகவில்லை.

நோட்டைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எறும்பு ஊர்ற மாதிரி அழகா இருக்குங்க" என்றாள். அவள் பெயர் இருக்கும் இடங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டாள்.

"இம்புட்டு எடத்துல எதுக்கு எம்பேரு?"

"எழுதிப் பழக."

பிறகு கேட்டே விட்டேன். "போன வருசம் முருங்கையப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே, என்ன?"

யோசித்தாள். கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "முருங்கையா? நான் எதுவும் சொல்லலையே."

சரி என்றேன்.

சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிப் போனாள். அப்போதுதான் பார்த்தேன். ஒரு ஈ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. குழம்புக்காக எங்களோடு நுழைந்திருக்கும். வலையின் உச்சியில் முட்டியது, அவள் நெற்றிக்கு வந்தது, மறுபடி உச்சிக்குப் போனது. காவி கட்டியிருக்கிறேன். அடிக்கக் கூடாது. விரட்ட வேண்டுமென்றால் வலையைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. நோட்டால் அவள் முகத்துக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்து மறுபடி நுழைந்துகொண்டோம். அடைக்கலம் வலைக்குக் காவல் இருந்தான். பொழுது இறங்கியது. கொசு வந்தது. வலைக்கு வெளியே ரீங்காரம். உள்ளே நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். கஸ்பார் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான்.

"அம்மா, கெளம்பு. பாப்பா அழுவுது." கழுத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டான். அவன் காவி கட்டவில்லை.

நான் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் காலை நீட்டுவதும் மடக்குவதும் தெரிந்தது. போன வருடமும் இப்படித்தான் மடக்கி, பிறகு எழுந்தாள். கஸ்பார் குனிந்து வலையின் ஓரத்தில் கை வைத்தான்.

"வலையத் தூக்காதடா!" என்றாள். "கொசு உள்ள வந்துரும்."

"வெளிய வாம்மா, போவோம்."

"நாளைக்கி வா."

"பாப்பா அழுவுதுங்கிறேன்."

"அழுதா அவ அம்மா தூக்குவா. நாளைக்கி வாடா."

அவன் முழங்காலில் அடித்தான். காதில் அடித்தான். சிரிப்பா கோபமா என்று தெரியாத குரலில், "கொசு தாங்கலம்மா. நானாச்சும் உள்ள வரவா?" என்றான்.

"இது ரெண்டு பேருக்குத்தான்டா" என்றாள்.

அவன் வண்டி எடுக்கும் சத்தம் கேட்டபிறகுதான் நான் வெற்றிலையை மென்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் அவளே பஸ் ஏறினாள். கஸ்பார் வரக் காத்திருக்கவில்லை. குழந்தை தேடுமாம். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். நாகப்பட்டினம் என்று பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை, அது திரும்பும்வரை படித்துக்கொண்டிருந்தேன்.

முருங்கை விஷயம் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. விடியும் முன் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

தேர் புறப்பட வேண்டும், வலையை அவிழுங்கள் என்று பிரகாசம் சொன்னார். நாலு முனையையும் அவிழ்த்து, ஒரு பக்கத்தை நன்றாகத் தூக்கிப் பிடித்தேன். அந்த ஈ உள்ளேயேதான் இருந்தது. வழி திறந்துவிட்டது. அது போகவில்லை. அவள் படுத்திருந்த பக்கம் மணலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தது.